ரோஸ் பவுல்: பூ ஊர்வலத்துக்குப் பின்னால் வந்த கால்பந்து

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (நாம் ஆடும் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களை முதலில் குழப்புவது 'பவுல்' என்ற சொல்தான். ரோஸ் பவுல், ஆரஞ்ச் பவுல், சுகர் பவுல், காட்டன் பவுல் என்று டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் வரிசையாக ஆட்டங்கள் வரும். பவுல் என்றால் கிண்ணம். கிண்ணம் என்றதும் நம் மனம் உலகக் கோப்பை, ரஞ்சிக் கோப்பை என்று பரிசுக் கோப்பைக்குப் போய்விடுகிறது. அது தவறு. இந்தக் கிண்ணம் பரிசு இல்லை, மைதானத்தின் வடிவம்.

1914-ல் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகம் ஒரு மைதானம் கட்டியது. தரையைக் குடைந்து நடுவில் ஆடுகளம் அமைத்தார்கள். தோண்டிய மண்ணையே சுற்றிலும் கரையாகக் குவித்து, அதன்மேல் இருக்கைகள் போட்டார்கள். மேலிருந்து பார்த்தால் கிண்ணம் போலவே இருந்ததால் யேல் பவுல் என்று பெயர் வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்துக் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் அதைப் பார்த்து ஒன்று கட்டினார்கள். அந்த ஊரில் நடக்கும் ரோஜாத் திருவிழாவையும் சேர்த்து அதற்கு 'ரோஸ் பவுல்' என்று பெயர் வைத்தார்கள். மைதானத்தின் பெயர் அங்கே நடந்த ஆட்டத்தின் பெயராயிற்று. பிற ஊர்களும் அந்த ஆட்டத்தைப் பார்த்து ஆளுக்கொன்று தொடங்கியபோது, மைதானம் என்ன வடிவத்தில் இருந்தாலும் 'பவுல்' என்ற வால் ஒட்டிக்கொண்டது. தொழில்முறைக் கால்பந்தின் சூப்பர் பவுலுக்கும் பெயர் வந்தது இந்த வழியில்தான்.

ஆக, ரோஸ் பவுல் என்றால் இரண்டு பொருள். ஒன்று, பாசடீனா நகராட்சிக்குச் சொந்தமான மைதானம். இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை அங்கே நடக்கும் ஆட்டம். நாம் ஆடும் கால்பந்தின் 1994 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலும் இத்தாலியும் மோதியதும் இதே மைதானத்தில்தான், ஆனால் அது ரோஸ் பவுல் ஆட்டம் ஆகாது. பழைய செய்திகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

பவுல் ஆட்டம் என்றால் என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் குழுக்குழுவாகச் சேர்ந்து கூட்டமைப்புகள் வைத்திருக்கின்றன. இவற்றைக் கான்ஃபரன்ஸ் என்பார்கள். ஒரு பல்கலைக்கழகம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் தன் கூட்டமைப்புக்குள்ளேயே ஆடும். பருவம் முடிந்தபின், நன்றாக ஆடிய அணியை ஏதாவது ஒரு நகரம் "எங்கள் ஊருக்கு வந்து, வழக்கமாக நீங்கள் சந்திக்காத ஒரு அணியோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள்" என்று அழைக்கும். அதுதான் பவுல் ஆட்டம். அழைப்பின் பேரில் நடக்கும் ஒற்றை ஆட்டம். அண்மைக்காலம் வரை கால் இறுதி, அரை இறுதி என்ற படிகள் கிடையாது. வென்றால் வென்றதுதான், அடுத்த சுற்று என்று ஒன்று இல்லை.

கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சொல்வதென்றால், மெல்போர்னில் ஆண்டுதோறும் டிசம்பர் 26-ம் தேதி தொடங்கும் பாக்ஸிங் டே டெஸ்ட் போல. நாளும் இடமும் மாறாது, வந்துபோகும் அணிதான் மாறும். அழைக்கிற நகரத்துக்கு என்ன லாபம் என்றால் விடுதிகள் நிறையும், ஊர் பெயர் பத்திரிகையில் வரும். பவுல் ஆட்டங்கள் தொடங்கிய காரணத்தில் பாதிக்கு மேல் சுற்றுலாதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாசடீனாக்காரர்களும் அதை ஒருபோதும் மறைத்ததில்லை.

ஒரு பவுல் ஆட்டத்துக்கு எந்த ஆண்டு நடக்கிறதோ அந்த ஆண்டின் பெயர்தான். 2006 ரோஸ் பவுல் என்றால் 2006 ஜனவரியில் நடந்தது. அதில் ஆடியவை 2005 பருவத்தின் அணிகள். புள்ளிவிவரம் தேடும்போது ஓராண்டு தள்ளிப்போய் ஏமாறுவது எல்லோருக்கும் நேர்வது.

கொஞ்சம் ஆட்டவிதி

இது தெரியாமல் மேலே போனால் கதையின் சுவை தெரியாது. ஆடுகளம் 100 கெஜம், அதாவது 300 அடி. இரு முனைகளிலும் மேலும் 10 கெஜத்துக்கு 'எண்ட் ஸோன்' என்ற பகுதி. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் 'டவுன்' என்று பெயர். நான்கு டவுனுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணியின் கைக்குப் போய்விடும். அதனால் மூன்று டவுன் வீணானதும் பெரும்பாலான அணிகள் பந்தைத் தூர உதைத்து அனுப்பிவிடும். அதுதான் 'பன்ட்'. பந்து எப்படியும் போகத்தான் போகிறது, தொலைவிலாவது போகட்டும் என்ற கணக்கு.

பந்தோடு எதிரியின் எண்ட் ஸோனுக்குள் போனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, மறுபடி ஓடியோ எறிந்தோ எண்ட் ஸோனுக்குள் சேர்த்தால் 2. ஓட்டத்தின் நடுவே கம்பங்களுக்கு இடையில் உதைத்துப் பெறும் ஃபீல்ட் கோலுக்கு 3. அரிதான ஒன்றும் இருக்கிறது. பந்தை வைத்திருக்கும் அணி தன் சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2. இதற்கு 'சேஃப்டி' என்று பெயர். இந்த 2 புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பூ முதலில், பந்து பிறகு

1890 ஜனவரி 1. பாசடீனாவின் 'வேலி ஹன்ட் கிளப்' என்ற சங்கத்தார் குதிரை வண்டிகளைப் பூக்களால் அலங்கரித்து ஊர்வலம் விட்டார்கள். அவர்களில் பலரும் கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். நியூயார்க்கும் சிகாகோவும் பனியில் புதைந்து கிடக்கும்போது எங்கள் ஊரில் ரோஜா பூக்கிறது, ஆரஞ்சு காய்க்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டுவதுதான் நோக்கம். ஊர்வலத்துக்குப் பின் மாலையில் ஏதாவது விளையாட்டு இருந்தது. 1895-ல் இதை நடத்தத் தனிச் சங்கமே அமைத்தார்கள். இன்றும் ஊர்வலத்துக்கும் ஆட்டத்துக்கும் பொறுப்பு அந்தச் சங்கத்துக்குத்தான்.

1893-ல் புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேவாலய வாசல்களில் கட்டியிருக்கும் குதிரைகள் ஊர்வலத்தைக் கண்டு மிரண்டு வழிபாட்டைக் கெடுத்துவிடும் என்று திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். குதிரைகள் போய் நூறாண்டு ஆகிவிட்டது, வழக்கம் மட்டும் போகவில்லை. 2023-லும் புத்தாண்டு ஞாயிறாக இருந்ததால் ஊர்வலமும் ஆட்டமும் ஜனவரி 2-ம் தேதிதான் நடந்தன.

முதல் கால்பந்து 1902-ல். கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று மிச்சிகன், ஸ்டான்ஃபோர்ட் அணிகளை அழைத்தார்கள். மிச்சிகன் அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத அணி. அதன் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட், அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் பயிற்சி கொடுத்தவர். முடிவு 49–0. ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருக்கும்போதே, போதும் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஸ்டான்ஃபோர்ட் சொல்லிவிட்டது. மிச்சிகன் ஒரே 11 பேரை வைத்தே முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தது.

இன்றைய கணக்கில் 49 என்றால் ஏழு டச்டவுன், ஏழு கூடுதல் உதை என்று எண்ணத் தோன்றும். அன்று டச்டவுனுக்கு 5 புள்ளிதான், ஃபீல்ட் கோலுக்கும் 5. எட்டு டச்டவுனுக்கு 40, ஒரு ஃபீல்ட் கோலுக்கு 5, நான்கு கூடுதல் உதைக்கு 4. டச்டவுன் 6 புள்ளி ஆனது 1912-ல்தான். பழைய ஆட்டங்களின் புள்ளிகளை இன்றைய விதியோடு ஒப்பிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இப்படி ஒருதலையாக முடிந்த ஆட்டத்தைப் பார்க்க மறுபடி யார் வருவார்கள்? சங்கத்தார் கால்பந்தையே கைவிட்டார்கள். மறு ஆண்டு போலோ. பிறகு 1904 முதல் 1915 வரை ரோமானிய பாணியில் நான்கு குதிரை பூட்டிய தேர்ப் பந்தயம். நடுவில் 1913-ல் யானைக்கும் ஒட்டகத்துக்கும் ஓட்டப் பந்தயம்கூட வைத்தார்கள், யானை ஜெயித்தது. தேர்ப் பந்தயம் ஆபத்தாகவும் செலவாகவும் ஆகிவிட, 1916-ல் மறுபடி கால்பந்துக்கு வந்தார்கள். வாஷிங்டன் ஸ்டேட் 14, பிரவுன் 0. மழைச் சேற்றில் நடந்த அந்த ஆட்டத்தில் பிரவுனுக்காக ஆடிய ஃபிரிட்ஸ் பொல்லார்ட், இந்தத் திருவிழா ஆட்டத்தில் இறங்கிய முதல் கறுப்பின வீரர். பின்னாளில் தொழில்முறை அணி ஒன்றின் பயிற்சியாளராகவும் இருந்தார். அன்றிலிருந்து இந்த ஆட்டம் ஓர் ஆண்டும் நின்றதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் 1918-லும் 1919-லும் கல்லூரிகளுக்குப் பதில் ராணுவ, கடற்படை அணிகள் ஆடின.

வாய் பிளந்த கிண்ணம்

அதுவரை ஆட்டம் நடந்தது 'டோர்னமென்ட் பார்க்' என்ற திடலில், மரப்பலகை இருக்கைகளில். கூட்டம் பெருகப் பெருகப் பலகை தாங்காது என்ற பயம் வந்தது. ஊருக்குப் பக்கத்தில் அரோயோ செக்கோ என்ற வறண்ட ஓடைப் பள்ளத்தாக்கில் புதிய மைதானம் கட்ட முடிவாயிற்று. மைரன் ஹன்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தார். கட்டுமானச் செலவு ஏறத்தாழ 2,72,000 டாலர். 1922-ல் திறந்தபோது 57,000 இருக்கைகள். வேடிக்கை என்னவென்றால், கிண்ணம் என்று பெயர் வைத்தபோது அது கிண்ணமாகவே இல்லை. தெற்குப் பக்கம் திறந்து, குதிரை லாடம் போல இருந்தது. அந்த வாயை அடைத்து முழு வட்டமாக்கியது 1928-ல்தான். அதன்பின் இருக்கைகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 1973-ல் தெற்குக் கலிஃபோர்னியா, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் ஆட்டத்துக்கு 1,06,869 பேர் வந்தது இன்றுவரை உச்சம். இப்போது இருக்கைகள் 90,000-ஐ ஒட்டி.

புதிய மைதானத்தின் முதல் புத்தாண்டு ஆட்டம் 1923-ல். பென் ஸ்டேட் அணி ஊர்வலக் கூட்ட நெரிசலில் சிக்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. வேண்டுமென்றே தாமதம் செய்தீர்கள் என்று இரு பயிற்சியாளர்களும் மைதானத்திலேயே வாய்ச்சண்டை போட்டார்கள். விளக்கு வசதி இல்லாத காலம். ஆட்டம் முடியும்போது இருட்டிவிட்டது. தெற்குக் கலிஃபோர்னியா 14–3 என்று வென்றது.

இரண்டு ஆட்டங்கள், பக்கத்தில் வைத்து

ரோஸ் பவுல் வரலாற்றில் முதலில் எந்த ஆட்டங்களைத் தெரிந்துகொள்வது என்று கேட்டால் 1926-ம் 1929-ம்.

1926-ல் அலபாமா. தென் மாநிலங்களிலிருந்து ரோஸ் பவுலுக்கு அழைக்கப்பட்ட முதல் அணி. தெற்கத்திக் கால்பந்தை வடக்கிலும் மேற்கிலும் யாரும் மதிக்காத காலம் அது. இடைவேளையில் வாஷிங்டன் 12–0 என்று முன்னால் இருந்தது. வாஷிங்டனின் முதுகெலும்பான ஜார்ஜ் வில்சன் அடிபட்டு வெளியே இருந்த மூன்றாம் கால் பகுதியில் அலபாமா 20 புள்ளி அடித்துவிட்டது. வில்சன் திரும்பி வந்ததும் வாஷிங்டன் இன்னொரு டச்டவுன் போட்டது. முடிவு 20–19. வாஷிங்டன் எங்கே தோற்றது என்று பார்த்தால், முதல் பாதியில் அடித்த இரண்டு டச்டவுனுக்கும் பின்னால் வந்த கூடுதல் உதைகளைத் தவறவிட்டதில். ஒரு புள்ளிதானே என்று அலட்சியமாகப் பார்க்கப்படும் அந்த உதை இரண்டு முறை தவறியது, ஒரு புள்ளியில் ஆட்டம் போயிற்று. தெற்கில் இந்த வெற்றியை ஊரே கொண்டாடியது. தெற்கு இன்று கல்லூரிக் கால்பந்துக்காக உயிரை விடுவதற்கு வேர் இங்கேதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப்பொய் இல்லை.

1929-ல் ஜார்ஜியா டெக், கலிஃபோர்னியா. இரண்டாம் கால் பகுதி. அந்தக் காலத்தில் தாக்கவும் தடுக்கவும் தனித்தனி அணிகள் கிடையாது, ஒரே 11 பேர்தான் இரண்டுக்கும். டெக் வீரர் ஒருவர் பந்தை நழுவவிட்டார். கலிஃபோர்னியாவின் ராய் ரீகல்ஸ் அதைப் பாய்ந்து எடுத்தார். சரியான பக்கம் ஓட நான்கு எட்டு வைத்திருப்பார், எதிராளிகள் மறித்தார்கள். விலகிச் சுழன்றதில் திசை மாறிப்போயிற்று. தன் அணியின் எண்ட் ஸோனை நோக்கியே ஓட ஆரம்பித்துவிட்டார். மைதானம் முழுக்கக் கத்துகிறது, அவருக்கோ அது ஆரவாரமாகக் கேட்கிறது. அவருடைய அணியைச் சேர்ந்த பென்னி லோம் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். 60 கெஜத்துக்கும் மேல் துரத்தி, சொந்தக் கோட்டுக்கு மூன்று கெஜம் இருக்கும்போதுதான் கையைப் பிடித்து நிறுத்த முடிந்தது. ரீகல்ஸ் திரும்புவதற்குள் டெக் வீரர்கள் வந்து ஒரு கெஜக் கோட்டில் அவரைச் சாய்த்துவிட்டார்கள்.

இதுவரை புள்ளி எதுவும் போகவில்லை. பந்து இன்னும் கலிஃபோர்னியாவிடம்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு கெஜம். இங்கிருந்து ஓட முயன்று மாட்டினால் சேஃப்டி. அதனால் உடனே பன்ட் செய்து பந்தைத் தூர அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதுவும் ஆபத்துதான். உதைக்கிறவர் எண்ட் ஸோனுக்குள் நிற்க வேண்டும், பந்து வந்து சேர்ந்து காலில் படும் வரை எதிராளிகளைத் தடுத்து வைக்க வேண்டும். லோம் உதைத்தார், டெக் அதைத் தடுத்துவிட்டது. சேஃப்டி, 2 புள்ளி.

ரீகல்ஸ் இடைவேளையில் தலையைப் போர்வைக்குள் புதைத்துக்கொண்டு அழுதார். முதல் பாதி ஆடியவர்களே இரண்டாம் பாதியும் இறங்குங்கள் என்றார் பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ். ரீகல்ஸ் இறங்கினார், நன்றாகவே ஆடினார், எதிரியின் பன்ட் ஒன்றைத் தடுக்கவும் செய்தார். முடிவு டெக் 8, கலிஃபோர்னியா 7. அந்த 2 புள்ளியைக் கழித்துப் பாருங்கள். 'தப்பு வழி ரீகல்ஸ்' என்ற பட்டம் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. மறு ஆண்டு அணித்தலைவராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்த அளவுக்குப் பலருக்குத் தெரியாது.

பசிபிக்கை விட்டு வடக்குக் கரோலினாவுக்கு

1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. மேற்குக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடக் கூடாது என்று ராணுவம் சொல்லிவிட்டது. ஆட வேண்டியவை ஆரெகன் ஸ்டேட்டும் டியூக்கும். டியூக் பல்கலைக்கழகம் "எங்கள் மைதானத்துக்கு வாருங்கள்" என்றது. அண்டைப் பல்கலைக்கழகங்களிலிருந்து இருக்கைகளை இரவல் வாங்கிப் போட்டு, 1942 ரோஸ் பவுலை வடக்குக் கரோலினாவின் டர்ஹமில் மழையில் நடத்தினார்கள். ஆரெகன் ஸ்டேட் 20–16. டியூக்கின் பயிற்சியாளர் வாலஸ் வேட், 1926-ல் அலபாமாவை வெற்றி பெறவைத்த அதே ஆள்.

ஆரெகன் ஸ்டேட்டின் ஜாக் யோஷிஹாரா ஜப்பானிய வம்சாவளி என்பதால் அணியோடு பயணம் செய்ய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சில மாதங்களில் அவர் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அதன்பின் ஆட்டம் பாசடீனாவை விட்டு வெளியே போனது ஒரே முறை. கொரோனாவால் 2021-ல் டெக்சஸின் ஆர்லிங்டனில் நடந்தது.

ஒப்பந்தம் செய்த நன்மையும் தீமையும்

1930-களின் நடுவில் ஆரஞ்ச், சுகர், சன், காட்டன் பவுல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. நல்ல அணிகளுக்குப் போட்டி வந்துவிட்டது. ஆண்டுதோறும் அழைப்பு அனுப்பிக் காத்திருப்பதற்குப் பதிலாக, 1946-ல் ரோஸ் பவுல் ஒரு நிரந்தர ஏற்பாடு செய்துகொண்டது. நடுமேற்கு மாநிலங்களின் பிக் டென் கூட்டமைப்பிலிருந்து (அப்போது ஒன்பது அணிகளே, பெயரும் பிக் நைன்) ஓர் அணி, பசிபிக் கரையின் கூட்டமைப்பிலிருந்து ஓர் அணி. 1947-ல் முதல் ஆட்டம், இல்லினாய் 45, யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) 14.

இந்த ஏற்பாட்டால்தான் ரோஸ் பவுலுக்கு ஓர் அடையாளம் வந்தது. மிச்சிகனிலோ ஒஹாயோவிலோ பனியில் ஆடி முடித்த மாணவனுக்கு "பாசடீனா" என்ற சொல்லே போதும், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் இறுக்கத்தைக் காட்ட 1973 நவம்பர் ஒன்றே போதும். மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் கடைசி ஆட்டத்தில் 10–10 என்று சமன் செய்தன. இரண்டுமே தோல்வி காணாத அணிகள், பட்டமும் இரண்டுக்கும் பொது. பாசடீனாவுக்குப் போகும் இடம் ஒன்றுதான். முந்தைய ஆண்டு ஒஹாயோ போய்வந்துவிட்டதால் இம்முறை மிச்சிகன்தான் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். முடிவை பிக் டென் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து எடுத்தார்கள். ஒஹாயோ. அந்த ஆட்டத்தில் மிச்சிகனின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) டென்னிஸ் ஃபிராங்க்ளினுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது காரணம் என்று பேசப்பட்டது.

இதில் அநியாயம் எங்கே என்றால், பிக் டென் விதிப்படி ஓர் அணிதான் பவுலுக்குப் போகலாம், அதுவும் ரோஸ் பவுலுக்கு மட்டும். ஒரு தோல்வியும் இல்லாத மிச்சிகன் வேறு எந்தப் பவுலிலும் ஆட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தது. 1975-ல்தான் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

சாம்பியன் யார் என்பது வேறு கதை

புதியவர்களுக்கு நம்பவே முடியாத பகுதி இது. கல்லூரிக் கால்பந்தில் நெடுங்காலம் தேசிய சாம்பியனை ஆடுகளம் தீர்மானிக்கவில்லை. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். அதிலும் 1960-களின் பெரும்பகுதியில் அந்தக் கடைசி வாக்கெடுப்பு பவுல் ஆட்டங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். 1960 பருவத்தின் சாம்பியன் மின்னசோட்டா என்று அறிவித்தாயிற்று. பிறகு 1961 ரோஸ் பவுலில் வாஷிங்டனிடம் 17–7 என்று தோற்றது. பட்டம் அப்படியே இருந்தது. பவுல் என்பது விருந்து, இறுதியாட்டம் அல்ல என்ற பழைய எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது.

அந்த ஆட்டத்தின் முடிவைவிட இடைவேளைதான் இன்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வாஷிங்டன் மாணவர்கள் அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டும் வித்தை வைத்திருந்தார்கள். ஒவ்வோர் இருக்கையிலும் வண்ண அட்டைகளும் ஒரு குறிப்புத் தாளும் இருக்கும். முதல் படத்துக்கு இந்த நிறம், இரண்டாம் படத்துக்கு அந்த நிறம் என்று தாளில் எழுதியிருக்கும். அட்டை தூக்குகிறவருக்குப் படம் தெரியாது, தாளை நம்பித் தூக்க வேண்டியதுதான். இந்தச் சின்ன ஓட்டையைப் பாசடீனாவிலேயே இருக்கும் கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். பள்ளிப் பத்திரிகைக்குப் பேட்டி என்று ஒருவர் போய் எல்லா விவரத்தையும் கேட்டு வந்தார். குறிப்புத் தாள் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்து, 2,232 தாள்களை அதேபோல அச்சடித்து, மாற்றி எழுதி, அசலிருந்த இடத்தில் வைத்துவிட்டார்கள். முதல் 11 படங்கள் ஒழுங்காக வந்தன. 12-வதில் வாஷிங்டனின் ஹஸ்கி நாய்க்குப் பதிலாக கால்டெக்கின் சின்னமான பீவர் என்ற விலங்கு. 13-வதில் 'ஹஸ்கீஸ்' என்ற சொல் தலைகீழ் வரிசையில். 14-வதில் பெரிய எழுத்தில் 'கால்டெக்'. தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. கால்டெக் அன்று ஆடவே இல்லை.

வாக்கெடுப்புச் சாம்பியன் முறை முற்றிலும் உடைந்தது 1998 ஜனவரியில். மிச்சிகன் ரோஸ் பவுலில் வாஷிங்டன் ஸ்டேட்டை 21–16 என்று வென்றது. நெப்ராஸ்கா ஆரஞ்ச் பவுலில் டென்னசியை வென்றது. இரண்டுக்கும் தோல்வியே இல்லை. பிற பெரிய பவுல்கள் முதல் இரண்டு இடத்து அணிகளை மோதவைக்க உடன்பாடு செய்திருந்தன. ரோஸ் பவுல் தன் பழைய ஒப்பந்தத்தை விடாமல் ஒதுங்கி நின்றதால் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் சந்திக்க வழியில்லை. பத்திரிகையாளர்கள் மிச்சிகனுக்கும் பயிற்சியாளர்கள் நெப்ராஸ்காவுக்கும் பட்டம் கொடுத்தார்கள்.

அடுத்த பருவத்திலிருந்து ரோஸ் பவுலும் பொது ஏற்பாட்டில் சேர்ந்தது. நான்கு பவுல்கள் முறைவைத்து இறுதியாட்டத்தை நடத்தும். அதன் விலை 2002-ல் தெரிந்தது. மயாமியும் நெப்ராஸ்காவும் ஆடின. ஒன்றுகூட பசிபிக் கரை அணியோ பிக் டென் அணியோ இல்லை, ஒப்பந்தத்துக்குப் பின் முதல் முறையாக. அதன் பலன் 2006-ல் தெரிந்தது. தொடர்ந்து 34 ஆட்டம் வென்றிருந்த தெற்குக் கலிஃபோர்னியா, எதிரில் டெக்சஸ். 38–33 என்று முன்னால் இருந்த தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது நான்காவது டவுன், தேவை 2 கெஜம். பன்ட் செய்யாமல் ஓடிப் பார்த்தார்கள். ஒரு கெஜத்தில் நின்றுபோயிற்று. பந்து டெக்சஸுக்கு. எண்ட் ஸோனுக்கு 56 கெஜம். நகர்த்திக்கொண்டு கிட்டத்தில் வந்து, அவர்களுக்கும் நான்காவது டவுன், தேவை 5 கெஜம். குவார்ட்டர்பேக் வின்ஸ் யங் எறிய இடமில்லாமல் வலப்பக்கம் ஓடியே எண்ட் ஸோனைத் தொட்டார். மீதி 19 விநாடி. 41–38. நான்காவது டவுன் என்றால் என்ன என்று யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தைப் போட்டுக்காட்டினால் போதும்.

2014 பருவத்தில் நான்கு அணிகளின் நாக்-அவுட் முறையும், 2024 பருவத்தில் பன்னிரண்டு அணிகளின் முறையும் வந்தன. ரோஸ் பவுல் இப்போது அதில் ஒரு படி, அவ்வளவுதான். இதற்கிடையே பசிபிக் கூட்டமைப்பே சிதறிப்போய், யு.சி.எல்.ஏ., தெற்குக் கலிஃபோர்னியா, ஆரெகன், வாஷிங்டன் ஆகிய நான்கும் பிக் டென்னிலேயே சேர்ந்துவிட்டன. 2025 ஜனவரி 1-ல் கால் இறுதியாக நடந்த ரோஸ் பவுலில் ஒஹாயோ ஸ்டேட் ஆரெகனை 41–21 என்று வென்றது. பெயருக்குப் பழைய நடுமேற்கு–பசிபிக் மோதல், கணக்குப்படி இரண்டும் ஒரே கூட்டமைப்பு. அந்தப் பருவத்தில் இரண்டும் ஏற்கெனவே ஒருமுறை மோதியும் இருந்தன. வழக்கமாகச் சந்திக்காத அணிகளைச் சந்திக்கவைப்பது என்ற பவுலின் முதல் காரணமே இங்கே இல்லை.

ஆட்டத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நெடுங்காலமாக ஆட்டம் பாசடீனா நேரப்படி பிற்பகல் 2 மணி வாக்கில் தொடங்கும். இந்திய நேரத்தில் ஜனவரி 2 அதிகாலை 3.30. அப்படித் தொடங்கினால் இரண்டாம் பாதியில் சூரியன் சாயும், மைதானத்துக்குப் பின்னால் சான் கேப்ரியல் மலைகள் முதலில் இளஞ்சிவப்பாகவும் பிறகு ஊதாவாகவும் மாறும். பனியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் பாசடீனா 1890 முதல் காட்ட விரும்பியது அதைத்தான். அதே நாளில் அடுத்து வரும் நாக்-அவுட் ஆட்டம் தாமதமாகக் கூடாது என்று 2026-ல் தொடக்கத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இந்திய நேரம் 2.30-க்கே எழுந்துகொள்ள வேண்டும். மலை நிறம் மாறும் நேரத்துக்கு ஆட்டம் முடிவை நெருங்கியிருக்கும்.